கைப்பிடி வைத்த பாட்டுப்பெட்டி

மரக்காணம்
12.3.2005

தம்பி காசிலிங்கத்துக்கு அக்கா தெய்வநாயகி எழுதுவது.

நானும் உன் மருமகள் அஸ்வினியும் சுகம். ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மீன் கிடங்கின் குளிரில் மறுபடி இருமல் பிடித்ததா என்று உண்மையை எழுது. 'நலம்' என்று ஒற்றை வார்த்தையில் தப்பிக்காதே.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். அஸ்வினி பெரியவளாகிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரம்மாவே அழைத்துவந்து விட்டார்கள். பதினாறாம் நாள் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே ஊற்றிவிட்டேன். மஞ்சள் நீராட்டு விழாவை ஆவணியில் வைத்திருக்கிறேன்.

கெட்ட சேதியில் பாதி உனக்கு யாராவது போனில் சொல்லியிருப்பார்கள். மீதியையும் கேட்டுக்கொள். சுனாமி அலை வந்து போனபிறகு நம் குப்பத்துக்கு நிவாரணமாக வலையும் சாமான்களும் வந்தன. குடும்பத் தலைவன் பேரில் தலைக்கட்டு வரி கட்டும் வீடுகளுக்கு மட்டும் பஞ்சாயத்தார் பிரித்துக் கொடுத்தார்கள். ஆம்பளை இல்லாத வீட்டில் வரி வாங்க மாட்டார்களாம். வரி கொடுக்காத வீட்டுக்குப் பங்கு கிடையாதாம். உன் மாமா செத்துப்போய் நாலு வருஷமாக இந்த வீட்டில் உலை வைப்பது யார்? ஊர்க்கூட்டத்துக்கு வரியை எடுத்துக்கொண்டு நானே போனேன். "நானும் ஒரு தலைக்கட்டுதான், எழுதிக்கோங்க" என்றேன். பொம்பளை கூட்டத்தில் பேசக் கூடாது என்று நாலு பேர் எழுந்து கத்தினார்கள். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. தலைவர் ராஜாங்கம், முறைக்கு நமக்குச் சித்தப்பா, ஊர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் விழவில்லை. தள்ளி வைத்துவிட்டார்கள்.

இப்போது குப்பத்தில் யாரும் என்னோடு பேசக் கூடாது. பேசினால் அவர்களுக்கு அபராதம். கரையில் மீன் ஏலத்துக்குப் போய் நின்றால் எனக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள். அதனால் மீன் கூடையைக் கவிழ்த்துவிட்டு உப்பளத்தில் உப்புக் கூடை தூக்குகிறேன். குப்பத்துக்கு வெளியிலிருந்து பெண்கள் அங்கே வருகிறார்கள், ஆண்டாள் என்று ஒருத்தி எனக்கு ஜோடி. அவர்களை நம் ஊர்க் கட்டுப்பாடு என்ன செய்யும்? போன் பூத்தில் நீ கூப்பிட்டாலும் என்னை அழைக்க மாட்டார்கள். தபால்காரர் கவர்மென்ட் ஆள், அவருக்கு ராஜாங்கம் தலைவரில்லை. எனவே கடிதமே எழுது.

விழாவுக்கு ரேடியோ செட் கேட்டு சவுண்ட் சர்வீஸ் மாயவனிடம் போனேன். என்னோடு பேசினால் அபராதம் அல்லவா? பக்கத்தில் நின்ற ஆட்டைப் பார்த்து அவன் பேசினான். "ஆடே, செட்டு குடுத்தா என்னையும் தள்ளி வெச்சிருவாங்கன்னு அக்காகிட்ட சொல்லு" என்றான். ஆடு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகளுக்குச் சத்தமில்லாமல் விழா நடக்காது. அதனால் தாய்மாமன் சீராக நீ ஒரு பாட்டுப்பெட்டி அனுப்பு. பட்டு, வெள்ளித்தட்டு எதுவும் வேண்டாம். பெட்டி ஒரே உடம்பாக இருக்கட்டும். மேலே கைப்பிடி வேண்டும். பேட்டரியிலும் ஓட வேண்டும். கேசட் போட்டால் பாடவும் வேண்டும், பேசினால் பதியவும் வேண்டும். நாலு ஆம்பளை கத்தினாலும் அதற்கு மேல் கேட்க வேண்டும். இதில் ஒன்றையும் குறைக்காதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் 
அக்கா தெய்வநாயகி


ஷார்ஜா
4.4.2005

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் வந்தது, போய்விட்டது. ஒரு வார்த்தையில் எழுதவில்லை பார். நீயும் மருமகளும் நன்றாக இருக்க வேண்டும்.

அஸ்வினி சேதியை அறையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லி மிட்டாய் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை லீவு. தேவாவைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறினேன். தேவா நம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆள், உனக்குத் தெரியாது.

அக்கா, நீ சொல்லும் மாதிரிப் பெட்டி இங்கே தரையில் குவிந்து கிடக்கிறது. லேபர் ஆள்கள் வாங்குவது அது. தாய்மாமன் அதையா அனுப்புவான்? மேல் தட்டில் வேறு ஒன்று பார்த்தேன். நடுவில் செட், இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர். மூன்று சிடி ஒன்றாகப் போடலாம். எம்பி த்ரீ பாடும். பாட்டுக்குத் தகுந்தபடி நீலமும் சிவப்புமாக விளக்கு ஏறி இறங்கும். ரிமோட்டும் உண்டு. கேசட் மட்டும் கிடையாது, இப்போது அதை யார் கேட்கிறார்கள்? கூடத்தில் வைத்தால் ராஜாங்கம் சித்தப்பா வீட்டிலேயே இந்த மாதிரி இல்லை என்று ஊர் பேசும்.

ஊர் விஷயம் கேட்டு மனசு சரியில்லை. நீ கேட்டது நியாயம். ஆனாலும் கொஞ்சம் இறங்கிப் போனால் என்ன? ஒரு நிமிஷம் கும்பிட்டால் முடிந்துவிடும். அஸ்வினி முகத்துக்காக யோசித்துப் பார்.

மேல் தட்டு செட்டையே வாங்கிவிடட்டுமா? எழுது.

உன் தம்பி
காசிலிங்கம்


மரக்காணம்
27.4.2005

தம்பிக்கு,

சுகம்தான். வெயிலில் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிறது. உள்ளங்கால் வெடித்திருக்கிறது, விளக்கெண்ணெய் போடுகிறேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றும் கேடில்லை.

ஒரு நிமிஷம் கும்பிட்டால் முடிந்துவிடுமா? எதற்கு மன்னிப்பு என்று நீ முதலில் சொல். வரி கொண்டு போனதற்கா, வாய் இருப்பதற்கா? அஸ்வினி முகத்துக்காகத்தான் நிமிர்ந்து நிற்கிறேன். நாளைக்கு அவள் புருஷனுக்கு ஏதாவது ஆனால் அவளும் அந்தக் கூட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டுமா? இதை இனி எழுதாதே, கோபம் வருகிறது.

உன் மேல் தட்டு செட்டுக்கு வருகிறேன். அது கூடத்தில் உட்காரும், நகராது. நகராத பெட்டி எனக்கு எதற்கு? நம் கரையில் உப்புக் காற்று ஆணியையே தின்கிறது, உன் நீல விளக்கை விடுமா? ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர், செட்டுக்கு ஒரு ஒயர் என்று மூட்டுக்கு மூட்டு பச்சை பூத்துவிடும். ஒரே உடம்பாக இருந்தால் துணியைச் சுற்றி வைக்கலாம். விளக்கு ஆடுவதைப் பார்க்க இங்கே ஆள் இல்லை. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ரெக்கார்ட் யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆண்டாளின் மகள் ரேணுகா ஆரோவில்லில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வெள்ளைக்காரம்மா தமிழ் படிக்கிறாளாம். ரேணுகாவைப் பேசச் சொல்லிப் பெட்டியில் பிடித்து, திருப்பித் திருப்பிப் போடுவாளாம். "என் கொரலு நாலு வூடு தாண்டிக் கேக்குதுக்கா, எனக்கே பயமா இருக்குது" என்றாள். எனக்குப் பயமாக இல்லை.

போன ஞாயிறு ஆண்டாளோடு பாண்டிச்சேரிக்குப் போய்க் கடையில் பார்த்தேன். நான் கேட்ட மாதிரியே ஒன்று இருந்தது. சும்மாடு கட்டி, அதைத் தூக்கித் தலையில் வைத்துக் கடைக்குள்ளேயே நடந்து பார்த்தேன். கடைப் பையன் பதறிப்போனான்.

"இன்னாக்கா பண்றீங்க? டிஸ்பிளே பீஸுக்கா அது!"

"கனம் பாக்குறேம்பா."

"உப்புக் கூடைக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள் ஆண்டாள்.

பிறகு சத்தம் பார்க்க வேண்டுமே. பெட்டி மேல் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தான். அது கடைக்காரன் கணக்கு, நான் நம்பவில்லை. பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, கடையிலிருந்த நாலு ஆம்பளைகளையும் ஒன்றாகக் கத்தச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டார்கள். அப்புறம் குஷியாகிவிட்டது, கல்லாவில் இருந்த முதலாளியும் சேர்ந்து கத்தினார். பாட்டு ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

அங்கேயே வாங்கியிருக்கலாம் என்பாய். நான் வாங்கினால் அது வெறும் பெட்டி. நீ அனுப்பினால் சீர். தாய்மாமன் சீர் தெருவில் வரும்போது வழிமறிக்க இந்தக் கரையில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. பகையாளியும் ஒதுங்கி நிற்பான், உனக்குத் தெரியாததா?

தரையில் குவிந்து கிடப்பதில் ஒன்றை எடு. கௌரவம் பார்க்காதே.

அக்கா


ஷார்ஜா
19.5.2005

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

வேலை அதிகம். லீவு கிடைக்கவில்லை. செட் பார்க்கிறேன். கேசட் வைத்தது சரியாக அமையவில்லை.

நீ கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியாக முடியும். செட் வாங்க வேண்டிய தேவையே வராமலும் போகலாம். அஸ்வினியை நன்றாகப் படிக்கச் சொல்.

தம்பி


மரக்காணம்
21.6.2005

காசி,

சுகம். உன் சுகத்தை நீ எழுதவில்லை, நலம் என்ற ஒற்றை வார்த்தைக்குத் திரும்பிவிட்டாய்.

குவிந்து கிடந்த பெட்டி எப்படி ஒரே மாதத்தில் அமையாமல் போயிற்று? தேவை ஏன் வராமல் போகும்? என் தம்பி இவ்வளவு சின்னக் கடிதம் எழுதினால் எதையோ மடித்து வைக்கிறான் என்று அர்த்தம். சின்ன வயசில் மாங்காய் திருடிவிட்டு வந்து நின்றபோதும் இப்படித்தான் இருந்தாய்.

பதில் போடு.

அக்கா


மரக்காணம்
9.7.2005

காசிலிங்கத்துக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இன்றைக்குக் கேட்கப் போவதில்லை.

காலையில் மாயவன் வந்தான். சைக்கிளில் கூம்பு ஸ்பீக்கர், தோளில் ஒயர் சுருள். வாசல் வேப்பமரத்தில் ஏற ஆரம்பித்துவிட்டான். ஆட்டைத் தேடாமல் நேராக என்னைப் பார்த்துப் பேசினான்.

"ஆவணிக்குத்தானேக்கா, இப்பவே கட்டிப் பாத்துட்டுப் போறேன். கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க. காசி போன் பண்ணித் தலைவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுச்சு. அக்கா சார்பா நான் கேக்குறேன், ஊரு காலத் தொட்டுக் கும்புடறதா நெனச்சுக்கோங்கன்னு சொல்லிச்சாம். நேத்து கூட்டத்துல தலைவர் சொல்லிட்டாரு. நல்ல புள்ளக்கா உன் தம்பி."

நல்ல பிள்ளைதான். தள்ளி வைக்கும்போது என்னைத் தள்ளி வைத்தார்கள். சேர்த்துக்கொள்ளும்போது உன்னைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டுக்கு நான்தான் தலைக்கட்டு என்று இத்தனை மாதம் உப்புச் சுமந்துகொண்டு நிற்கிறேன். நீ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரே போனில், 'இல்லை, நான்தான்' என்று சொல்லிவிட்டாய். கத்திய நாலு பேரைவிட நீ பெரிய கத்தாகக் கத்திவிட்டாய் தம்பி.

மாயவனை மரத்திலிருந்து இறங்கச் சொன்னேன். அவனுக்குப் பாவம் ஒன்றும் புரியவில்லை, ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போனான். பிறகு ராஜாங்கம் சித்தப்பா வீட்டு வாசலுக்குப் போனேன். "என் தம்பி கேட்ட மன்னிப்பு என்னுது இல்ல, அத வெச்சுக்காதீங்க" என்றேன். சிரித்தார். "ஆம்பள சொல்லியாச்சு, ஊரு ஏத்துக்கிச்சு. நீ போம்மா, அடுப்புல எதுனா இருக்கும்" என்றார். சித்தி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பளை வாயால் சொன்னது ஆம்பளை வாயால்தான் போகுமாம். சரி, அப்படியே ஆகட்டும். அந்தப் பெட்டியை வாங்கு. ஒரு கேசட்டில், 'நான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அது என் அக்கா சொல்லாமல் நான் கேட்டது' என்று உன் வாயால் பேசு. பெட்டியோடு அனுப்பு. இது உன் அக்கா உன்னிடம் கேட்கும் சீர். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

தெய்வநாயகி


ஷார்ஜா
25.7.2005

அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் செய்தது முழுக்கத் தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. நீ வெயிலில் உப்பளத்தில் நிற்பதை நினைத்தால் இங்கே சோறு இறங்கவில்லை. ஒரு போன் பண்ணினால் நீ மறுபடி ஏலத்துக்குப் போகலாம், அஸ்வினியோடு பிள்ளைகள் பேசும் என்று நினைத்தேன்.

அது பாதிதான். மறுபாதியையும் எழுதிவிடுகிறேன். இன்னும் இரண்டு வருஷம் இந்தக் குளிர்க் கிடங்கில் கிடந்துவிட்டு வந்து ஒரு பைபர் படகு இறக்க வேண்டும் என்பதுதான் என் கனவு. அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். ஊர் இல்லாமல் அந்தக் கரையில் படகு இறங்காது. தள்ளி வைக்கப்பட்டவன் படகைத் தள்ள நாலு கை வராது, அவன் மீனுக்கு ஏலம் கூற மாட்டார்கள். உனக்கே தெரியும். நீ கேட்டபடி கேசட்டில் பேசினால் என் படகு அன்றோடு போயிற்று.

என்னால் முடியாது அக்கா. மேல் தட்டு செட்டை வேண்டுமானால் இன்றைக்கே வாங்கி அனுப்புகிறேன். அதை ஏற்றுக்கொள்.

தம்பி


மரக்காணம்
8.8.2005

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் படகு ஆசை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் உன்மேல் இவ்வளவு கோபித்திருக்க மாட்டேன். கோபம் போய்விட்டதென்று நினைக்காதே, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மேல் தட்டு செட் வேண்டாம். உன்னிடம் இனி எதுவும் கேட்கப் போவதில்லை. விழா ஆவணி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. அது நிற்காது. உப்பளத்துப் பெண்கள் வருகிறார்கள். ஆண்டாளுக்கு நல்ல தொண்டை, அவள் பாடுவாள். எனக்கும் தொண்டை இருக்கிறது.

கட்டுப்பாடு எடுத்த பிறகு குப்பத்தில் எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள். நான்தான் பேசுவதில்லை. ஏலத்துக்கும் போகவில்லை. உன் மன்னிப்பில் வாங்கும் மீன் எனக்கு விற்காது.

தாய்மாமன் உட்காரும் நாற்காலியைக் காலியாகப் போட்டு வைப்பேன். யாராவது கேட்டால், அவன் பேச வேண்டியதைப் போனிலேயே பேசி முடித்துவிட்டான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலை செய்.

அக்கா


ஷார்ஜா
26.8.2005

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. லீவில் வரும் தேவாவிடம் பெட்டியோடு கொடுத்தனுப்புகிறேன். எனக்கு இருமல் இல்லை, சாப்பிடுகிறேன், தூக்கம்தான் சரியில்லாமல் இருந்தது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

காலி நாற்காலி என்று எழுதினாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

பெட்டி தரையில் குவிந்து கிடந்ததுதான். சிடி, கேசட், ரேடியோ எல்லாம் ஒரே உடம்பில். மேலே கைப்பிடி. பின்பக்க மூடியைத் திறந்து எட்டுப் பெரிய பேட்டரி போட வேண்டும், உப்புக் காற்றுக்கு அந்த இடத்தை அடிக்கடி துடை. சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பதியும். மைக் உள்ளேயே இருக்கிறது, முன்னால் ஊசியால் குத்தின மாதிரி இருக்கும் சின்ன ஓட்டைதான் அது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசு, வாயை வைத்துக் கத்தாதே.

கடையில் அதைத் தலையில் வைத்து நடந்து பார்த்தேன். கடைக்காரன் மலையாளி, என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். அறைக்குக் கொண்டுவந்து நாலு பேரைக் கத்தச் சொல்லியும் பார்த்துவிட்டேன். பெட்டி ஜெயித்தது. அவர்கள் கத்திக்கொண்டிருந்தபோதுதான், நீ முதல் கடிதத்திலேயே ஏன் நாலு ஆம்பளை என்று கணக்குச் சொன்னாய், ஏன் பதியும் பெட்டியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய் என்று எனக்கு உறைத்தது. பாட்டுக்கு என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தம்பிக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது.

உள்ளே ஒரு கேசட் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான் பேசியிருக்கிறேன், கொஞ்சம்தான். மறுபக்கம் காலி, அது உனக்கு.

படகைப் பற்றி எதுவும் எழுதாதே. மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம்.

காசிலிங்கம்


மரக்காணம்
14.9.2005

என் தம்பி காசிக்கு,

நான் சுகம், அஸ்வினி சுகம், பெட்டியும் சுகம். நீயும் சுகமாக, நன்றாகத் தூங்கிக்கொண்டு இரு.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஞாயிறு காலை தேவா பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றான். ஆண்டாளும் உப்பளத்துப் பெண்களும் பழம், பூ, மஞ்சள் என்று தட்டு எடுத்துக்கொண்டார்கள். பெட்டியை நான் எடுத்தேன். தாலி அறுத்தவள் சீர் தூக்கலாமா என்று யாரோ வேலிக்குப் பின்னால் முனகினார்கள். உப்புத் தூக்கலாம், சீர் தூக்கக் கூடாதா? சும்மாட்டை வைத்து, பெட்டியைத் தலையில் ஏற்றினேன். அஸ்வினியும் கூடவே நடந்தாள். எட்டிப் பட்டன் போட ஆள் வேண்டுமே! சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டாள். பாட்டு தெரு முழுக்கப் போயிற்று. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். சீர் அல்லவா, ஒதுங்கித்தானே ஆக வேண்டும்.

அம்மன் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைப் படியில் இறக்கி வைத்தேன். நான் படி ஏறவில்லை. வாயும் திறக்கவில்லை. உன் கேசட்டைப் போட்டேன்.

உன் குரல் கணீரென்று வந்தது. "நான் காசிலிங்கம் பேசுறேன். போன்ல நான் கேட்ட மன்னிப்பத் திரும்ப வாங்கிக்கிறேன். எங்க அக்கா கேக்கச் சொல்லல, நானா கேட்டது. அந்த வூட்டுக்குத் தலைக்கட்டு எங்க அக்காதான். இனிமே எதுனாலும் அவகிட்டயே பேசிக்கோங்க." எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, ஆனால் அவர்களுக்கு முன்னால் அழவில்லை.

ராஜாங்கம் சித்தப்பா எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. ஊரைப் பார்த்துக் கை நீட்டி, "மன்னிப்பு இல்லன்னா கட்டுப்பாடு இருக்குது! இப்பவே சொல்றேன், இவகிட்ட எவனும் பேசக் கூடாது. பேசினா அபராதம்!" என்றார்.

நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

மறுபக்கம் என் குரல். முதல்நாளே தேவா வீட்டுக்குப் போய், அஸ்வினி பட்டனை அழுத்த, நான் பதிந்தது. "நான் தெய்வநாயகி. பொம்பள கூட்டத்துல பேசக் கூடாதுன்னீங்க, சரி, நான் பேசல. பொட்டி பேசுது. இந்தக் குப்பத்துல ஆம்பள இல்லாத வூடு எத்தன இருக்குதுன்னு எண்ணிப் பாத்தீங்களா? எங்க வூட்லயும் அலை பூந்துச்சு. எங்க சட்டியும் போச்சு. வரி கொண்டாந்தா வாங்க மாட்டேங்கிறீங்க, வரி குடுக்கலன்னு பங்கும் இல்லேங்கிறீங்க. இது இன்னா நியாயம் சித்தப்பா?" இப்படியே போயிற்று. நாலு பேர் எழுந்து கத்தினார்கள், அதே நாலு பேர். பெட்டி அவர்களுக்கு மேல் பேசியது. பெட்டியிடம் வாயை மூடு என்று சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. சீர்ப்பொருளைத் தொட்டு அணைக்கவும் யாருக்கும் கை வரவில்லை. நிறுத்து என்று என்னிடம்தான் சொல்ல வேண்டும், என்னிடம் பேசினால் அபராதம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை.

கடைசியில் சித்தப்பாவுக்குத் தாளவில்லை. படிக்கு இறங்கிவந்து, "ஏம்மா தெய்வநாயகி, நிறுத்தும்மா அத!" என்று என் முகத்தைப் பார்த்துக் கத்தினார்.

நாலு பேரும் கத்துவதை விட்டுவிட்டுத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து மாயவன் சொன்னான்: "தலைவரே, பேசிட்டீங்களே! ஆட்டப் பாத்துச் சொல்லியிருக்கலாமே."

முதலில் சிரித்தது, சீர் பார்க்க வந்து ஓரமாக நின்ற சித்திதான். ராஜாங்கம் சித்தப்பாவின் பெண்சாதி! அப்புறம் வலைக்காரர்கள், அப்புறம் அந்த நாலு பேரில் இரண்டு பேர். பெட்டி பேசி முடிக்கும் வரை நின்று, முடிந்ததும் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து என் மகளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். தாய்மாமன் நாற்காலியில் உன் பெட்டியை வைத்தோம். நாள் முழுக்கப் பாடியது.

அன்றிலிருந்து தினம் பஞ்சாயத்துக் கூடுகிறது. கட்டுப்பாட்டை மீறிப் பேசிய தலைவருக்கு அபராதம் போடுவதா வேண்டாமா என்று சண்டை. போட்டால் தலைவருக்குக் கௌரவக் குறைச்சல், போடாவிட்டால் கட்டுப்பாடே பொய். என் வழக்கை எடுக்கவே அவர்களுக்கு நேரமில்லை. உன் படகு இந்தக் கரையில் இறங்குமா, இறங்காதா, எனக்குத் தெரியாது. தள்ள ஆள் வராவிட்டால் உப்பளத்துப் பெண்கள் இருக்கிறோம், எங்கள் தோள் உனக்குத் தெரியாது.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் கடைசி வீட்டுத் திரௌபதி கொல்லைப்புறமாக வந்தாள். அவள் புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. என்னோடு பேசக் கூடாதே, அதனால் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். "நானும் கொஞ்சம் பேசட்டுமா?" என்று பெட்டியைத்தான் கேட்டாள். அஸ்வினி பட்டனை அழுத்தினாள். இன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். கேசட் நிறைந்து இன்னொன்று வாங்கியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி, ஊர்க்கூட்டம். எட்டு பேட்டரியும் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
தெய்வநாயகி, தலைக்கட்டு